பொரித்த கோழி, பக்கோடா, நம் நாய்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கறுப்பன் வீட்டு அக்கா, பத்தாங் பெர்ஜுந்தை

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் ஆயாம் கோரெங்தான் (பொரித்த கோழிதான்) விஷயம். காகிதப் பை முழுக்க எண்ணெய் ஊறியிருக்குமே, அதே கோழி. அன்று வீட்டில் விருந்தாளிகள். எலும்பு ஆகாது என்று தெரிந்தவர்கள் என்பதால் தோலை மட்டும் உரித்து, ஒரு தட்டு நிறையக் கறுப்பனுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாசத்தில் செய்ததுதான்.

மறுநாள் மத்தியானம் வாந்தி ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. அப்புறம் வாசலில் முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைச் சிமெண்டுத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றான். விளையாடக் கூப்பிடுகிறான் என்று நினைத்து அக்கா பிள்ளைகள் பந்தை உருட்டிவிட்டார்கள். பந்து அவன் மூக்கை உரசிக்கொண்டு போனது. கண்கூட அசையவில்லை. அந்தப் பந்து உருண்டு போய்க் கால்வாயில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கணைய அழற்சி என்றார் டாக்டர். ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் கொழுப்பு போனால், குடலுக்குள் போய் வேலை செய்ய வேண்டிய செரிமான நொதிகள் கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கி, அதையே அரிக்க ஆரம்பித்துவிடுமாம். அவன் அப்படி நின்றது வயிற்று வலி தாங்காமல். டிரிப், வலிக்கு ஊசி, வாந்திக்கு ஊசி எல்லாம் போட்டுப் பிழைத்துக்கொண்டான். இப்போது கொழுப்பு குறைந்த சாப்பாடு மட்டும்தான். உங்கள் நாய் இப்படி நின்று யாராவது பார்த்திருக்கிறீர்களா?

பழைய மண்டோர்

தங்கச்சி, உன் நாய் பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நாங்கள் வளர்த்த நாய்களுக்குத் தனிச் சாப்பாடு என்று எதுவும் கிடையாது. மீன் தலை, கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோறு, திருவிழா வந்தால் வடை. எங்கள் மணி ஒரு தடவை கோயில் பந்தலில் புகுந்து ஒரு பை மசால் வடையை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கங்காணியார் கம்போடு துரத்தினார். விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) எனக்கு முன்னால் வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கிழமாகித்தான் செத்தது. இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் வளர்கிற நாய்களுக்கு உடம்பில் தெம்பு இல்லை. அதுதான் காரணம்.

செம்பனைக் காட்டு ஆள்

ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். மணி பிழைத்தது, எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. செத்த நாய்களுக்கு என்ன காரணம் சொன்னோம்? "எலி மருந்து தின்றுவிட்டது." எங்கள் ராணிக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

சந்திப்பில் ஒரு பக்கோடாக் கடை. சாயங்காலம் கடை கட்டும்போது எண்ணெயில் மிதக்கும் வெங்காயத் தூளையும் உடைந்ததையும் பின்பக்கம் கொட்டுவார்கள். ராணிக்கு அது தினசரி விருந்து. வாந்தி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. திடீரென்று ஒரு வாரம் சோர்ந்து படுத்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சோறு வடித்த கஞ்சிபோல வெளுத்துக் கிடந்தது. மூத்திரம் சிவப்பும் பழுப்புமாகப் போனது. செம்பனை மரத்தடியில் எலிக்கு மெழுகுக் கட்டி வைக்கிறார்களே, அதுதான் என்று லயமே சொன்னது.

ரவாங்குக்குக் கொண்டுபோனோம். எலி மருந்தாக இருந்தால் இரத்தம் உறையாது, ஆனால் இவளுக்கு உறையும் நேரம் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். அப்புறம் ஒரு சொட்டு இரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்களின் ஓரத்தில் சின்னச் சின்ன முண்டு. அதற்கு ஹைன்ஸ் உருண்டை என்று பெயர். "வெங்காயம் ஏதாவது சாப்பிட்டதா?" என்று அவர் கேட்டபோதுதான் பக்கோடாக் கடை ஞாபகம் வந்தது. வெங்காயம், பூண்டு இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடுமாம். பொரித்தாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அது போகாது. சாப்பிட்ட அன்றே தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் யாரும் பக்கோடாவைச் சந்தேகப்படுவதில்லை.

ராணி பிழைக்கவில்லை. ரொம்பப் பிந்திப் போனோம். இன்றைக்கும் எங்கள் லயத்தில் எலி மருந்து என்றுதான் சொல்கிறார்கள்.

ரவாங் தங்கச்சி

நான் பார்த்தது மாமாக் கடை வாசலில். நாசி லெமாக்கோடு வந்த பொரித்த கோழிக் காலை ஒரு குட்டி நாய் கவ்வியது. பிறகு வாயைத் திறந்தபடியே தலையை ஆட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. எலும்புச் சில்லு மேலண்ணத்தில் குறுக்கே சிக்கியிருந்தது. கடைக்காரத் தம்பி துணியைச் சுற்றிக்கொண்டு விரலால் எடுத்துவிட்டார். அவ்வளவுதான்.

ஆனால் இதைப் படிக்கிற எல்லோருக்கும் சில விஷயம் சொல்லியாக வேண்டும். எலும்பு வெந்துவிட்டால் கடிக்கும்போது கூராக உடையும். குடலில் ஓட்டை போடும். எலும்பு விழுங்கிய நாயை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், இறங்கும்போது கிழிக்காதது ஏறும்போது கிழிக்கும். நம் ஊரில் உடனே உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றுவார்கள். தயவுசெய்து வேண்டாம். உப்பு அதிகமானால் அதுவே விஷம். நடுக்கம், வலிப்பு வரை போகும். உருளைக்கிழங்கு வறுவல், கெரோபோக் (பொரித்த மீன் அப்பளம்) இவற்றில் இருக்கிற உப்பும் சின்ன நாய்க்குப் பெரிய அளவுதான். இவற்றில் ஒரு துண்டு கீழே விழுந்து தின்றுவிட்டால் பதற வேண்டாம், தண்ணீர் வைத்துவிட்டு ஓரிரு நாள் கவனியுங்கள். வாந்தி நிற்கவில்லை, வயிற்றைத் தொட்டால் முனகுகிறது, ஈறு வெளுக்கிறது, மலத்தில் இரத்தம் போகிறது என்றால் காத்திருக்காதீர்கள். போகும்போது என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லுங்கள், பொட்டலம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். கோழி கொடுக்க ஆசை என்றால் தோல், எலும்பு எடுத்துவிட்டு வெறும் தண்ணீரில் அவித்துக் கொடுங்கள். உப்பு, பூண்டு, மசாலா எதுவும் வேண்டாம். பக்கத்தில் கொஞ்சம் சோறு, கொஞ்சம் பூசணிக்காய். மினியேச்சர் ஷ்னாவுசர் வளர்ப்பவர்கள் கொழுப்பு விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அந்த இனத்துக்குக் கணைய அழற்சி சுலபமாக வரும்.

பழைய மண்டோர்

செம்பனைக் காட்டுத் தம்பி சொன்னதைப் படித்தேன். வருத்தமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். கறிக் குழம்பிலும் வெங்காயம்தானே அரைத்துப் போடுகிறோம்? அந்தச் சோற்றைத்தானே மணி காலமெல்லாம் தின்றது? அதற்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? தோட்டத்தில் எலி மருந்து தின்று செத்த நாய்களும் உண்டு, அதையும் மறுக்க முடியாது.

செம்பனைக் காட்டு ஆள்

நியாயமான கேள்வி ஐயா. அளவுதான் வித்தியாசம். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் போனால் இரத்தத்தில் கெடுதல் தெரியும். 10 கிலோ நாய்க்கு அது குறைந்தது 150 கிராம், அதாவது ஒரு பெரிய வெங்காயம். சோற்றின்மேல் ஊற்றிய குழம்பில் அவ்வளவு இருக்காது. வெங்காயப் பக்கோடா அப்படி இல்லை, மாவைவிட வெங்காயம்தான் அதிகம். அதுவும் ராணி தின்றது நாள் தவறாமல். கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்துகொண்டே வரும். மசால் வடையிலும் வெங்காயம் உண்டு, ஆனால் பருப்புதான் பெரும்பங்கு. மணி கொஞ்சம் பெரிய நாயாகவும் இருந்திருக்கலாம்.

எலி மருந்து இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெளுத்த ஈறு இரண்டிலும் வரும். எலி மருந்துக்கு வைட்டமின் கே கொடுப்பார்கள், வெங்காயத்துக்கு அது உதவாது. அதனால்தான் இரத்தம் பார்க்காமல் நாமே முடிவு கட்டக்கூடாது என்கிறேன். ராணிக்கும் முதலில் தெரிந்தவர் ஒருவர் கொடுத்த வைட்டமின் மாத்திரையிலேயே நாள் போய்விட்டது.

பிசாங் கோரெங் கடை, சந்தைப் பக்கம்

கடைக்காரன் என்ற முறையில் எழுதுகிறேன். எண்ணெய்ச் சட்டி கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தை நாய்கள் நக்கி நக்கி, அந்த இடத்தில் மட்டும் சிமெண்டு கறுத்துப் பளபளக்கும். ஒரு பெட்டை நாய் மடி தொங்க, குட்டிகளோடு வந்து நக்கும். விரட்ட மனம் வராது. ஒரு நாள் அது அங்கேயே மஞ்சளாக வாந்தி எடுத்து, எடுத்ததையே திரும்ப நக்கியதைப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் பலகை வைத்து அடைத்துவிட்டேன். பழைய எண்ணெயை இப்போது வாங்கிப் போக ஆள் வருகிறார்கள், கிலோவுக்குக் காசும் கொடுக்கிறார்கள். கால்வாயில் ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. மற்றக் கடைக்காரர்களும் விசாரித்துப் பாருங்கள்.

மாவுத் தூள்தான் பிரச்சினை. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் விடிவதற்குள் கிழித்துவிடுகின்றன. மூடி இறுக்கமான குப்பைத் தோம்பு (தொட்டி) எங்கே கிடைக்கும்?

கறுப்பன் வீட்டு அக்கா

அண்ணே, சாதா மூடி போட்ட குப்பைத் தோம்பு வாங்காதீர்கள், மூக்கால் தள்ளித் திறந்துவிடும். பெயிண்ட் கடையில் காலி வாளி கேட்டுப் பாருங்கள், மூடியை அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். நாங்கள் வாசலில் அதைத்தான் வைத்திருக்கிறோம். வெயிலில் வைத்தால் நாற்றம் வரும், நிழலில் வையுங்கள்.