புதுப்பிப்பு: 40 மீட்டர் இரைச்சலின் ஊற்று கிடைத்துவிட்டது

என் அமெச்சூர் ரேடியோவில் 40 மீட்டர் அலைவரிசையில், அதாவது 7 மெகாஹெர்ட்சில், எஸ்-7 அளவுக்கு (சிக்னல் வலிமை காட்டும் எஸ்-மீட்டரில் 7) இரைச்சல் என்று போன வாரம் புலம்பியிருந்தேன். ரேடியோவை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன், நிசப்தம். பிறகு ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கியதில் ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர் அகப்பட்டது. நான் சந்தேகித்ததோ மின்விசிறி ரெகுலேட்டரை, பாவம்!

இரைச்சலைத் தடுக்க, அடாப்டரின் கம்பியில் கவ்வும் ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான்) மணி ஒன்றை மாட்டிப் பார்த்தேன், பயனில்லை. கம்பி ஒருமுறை நுழைந்து போவது இந்த அதிர்வெண்ணுக்குப் போதாது. சுற்றுகளை இரட்டித்தால் இரைச்சலுக்கான தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே 31 வகை (இந்த அதிர்வெண்ணுக்கு ஏற்ற கலவை) ஃபெரைட் வளையத்தில், கம்பியின் இரண்டு இழைகளையும் சேர்த்தே, அடாப்டரை ஒட்டி 10 சுற்று சுற்றினேன். முள் எஸ்-3க்கு இறங்கியது. மிச்ச இரைச்சல் அடாப்டரின் 230 வோல்ட் பக்கமிருந்து வருகிறது போலும். அடுத்த வளையம் நீட்டிப்புப் பெட்டியின் கம்பிக்கு.