காடு, பறவை பத்தின பாட்காஸ்ட் சொல்லுங்களேன்

இரவுப்பறவை:
வேலைக்கு போக வர பஸ்ல தினமும் ஒரு மணி நேரம் ஆகுது, காடு விலங்கு பத்தி நல்ல பாட்காஸ்ட் இருந்தா சொல்லுங்க ப்ளீஸ். இங்கிலீஷ்னாலும் ஓகே, ஆனா ரொம்ப வேகமா பேசினா எனக்கு புரியாது.

முகில்77:
பிபிசி ரேடியோ 4ல வந்த 'ட்வீட் ஆஃப் தி டே' கேளுங்க, 2013ல ஆரம்பிச்சது, ஒரு எபிசோடு ஒன்றரை நிமிஷம்தான், பறவையோட குரலும் வரும் அதப்பத்தி பேச்சும் வரும். முதல் எபிசோடே டேவிட் அட்டன்பரோ பேசின குக்கூ பறவைதான். அது நம்ம ஊரு குயில் இல்லங்க, ஒரே குடும்பம் அவ்ளோதான், நம்ம குயில் காக்கா கூட்டுல முட்டை வைக்கும், குக்கூ அங்க நாணலுக்குள்ள இருக்கற குட்டிக் குருவி கூட்டுல வைக்கும், குஞ்சு பொரிஞ்சு கண்ணு தொறக்கறதுக்கு முன்னாடியே மத்த முட்டைய முதுகால தள்ளி விட்டுடும், நெனச்சாலே மனசு ஒரு மாதிரி ஆயிடும்.

மூங்கில்காடு:
விலங்குன்னா 'தி வைல்ட் வித் கிறிஸ் மோர்கன்', சியாட்டில் ரேடியோக்காரங்க பண்றது. கரடி பத்தி நெறய தெரிஞ்ச மனுஷன், காட்டுக்குள்ள நடந்துகிட்டே பேசுவாரு, கண்டிப்பா ஹெட்போன் போட்டு கேளுங்க.

இரவுப்பறவை:
ரொம்ப நன்றிங்க, நாளைக்கு காலைல குக்கூதான்!