கோடையில் குடித்த மண் மழையில் கக்கியது

செப்டிக் டேங்க் கழிவுநீரை மண் உறிஞ்சுமா என்று சோதித்துப் பார்த்த மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னது இது.

செப்டிக் டேங்குக்கும் அதன் கழிவுநீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழிக்கும் நான் இடம் பார்த்தது நல்ல கோடையில். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். பத்தே நிமிடத்தில் குழி காலி. "எவ்வளவு விட்டாலும் குடிக்கும்" என்றார் கூட வந்த கொத்தனார். நானும் நம்பிவிட்டேன்.

தண்ணீர் போனதெல்லாம் வெடிப்புக்குள். களிமண் நனைந்தால் உப்பும், வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்கு நேரம் கொடுக்காமல் அளந்தால் பொய்க்கணக்குதான் வரும். முதல் மழைக்காலத்திலேயே கழிவறையில் தண்ணீர் இறங்க மறுத்தது. கழிவுநீர் மேலே கசிந்ததால் உறிஞ்சுகுழியைச் சுற்றி மட்டும் புல் தளதளவென்று வளர்ந்திருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதை இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்தேன். கசிவுக்குழாய் (கழிவுநீரை மண்ணுக்குள் விடும் துளையிட்ட குழாய்) வரப்போகும் ஆழம் வரை குழி. மண்வெட்டி பட்டு வழவழப்பான பக்கங்களைக் கம்பியால் கீறிவிட்டேன். இல்லையென்றால் மெழுகின தரை மாதிரி தண்ணீரைத் தடுக்கும். அடியில் 5 செ.மீ. ஜல்லி. முந்தின நாளே நிரப்பி, இரவு முழுக்க வற்றவிடாமல் ஊறவைத்தேன். மறுநாள் ஜல்லிக்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் நிறுத்தி அரைமணிக்கு ஒருமுறை அளந்தேன். 2.5 செ.மீ. இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 60 நிமிடத்தைத் தாண்டினாலே சாதாரண உறிஞ்சுகுழி கூடாது என்பது பல இடங்களில் விதி.

அப்புறம் மண் அடுக்குகளைப் பார்க்க இன்னொரு மூலையில் ஆளுயரக் குழி வெட்டினோம். மேலே பழுப்பு மண். முக்கால் மீட்டருக்குக் கீழே சாம்பல் நிறம், நடுநடுவே துருப்புள்ளிகள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆனாலும் மண் பார்க்க வந்தவர், "மழைக்காலத்தில் நீர் இதுவரை ஏறும்" என்றார். நீர் தேங்கிக் காற்று இல்லாமல் போனால் மண்ணிலுள்ள இரும்பு கரைந்து மண் சாம்பல் நிறமாகும். நீர் வற்றிக் காற்று புகுந்த இடத்தில் துரு படியும். குழாய்க்கு அடியில், நீர் ஏறும் அந்த மட்டத்துக்கு மேல், 60 முதல் 120 செ.மீ. வரை நீர் தேங்காத மண் இருந்தால்தான் கழிவுநீர் சுத்தமாகும். கடைசியில் மணல் கொட்டி மேடு எழுப்பி அதில் குழாய் பதித்தோம்.

*

எனக்கு நேர் எதிர் அனுபவம். மணல் நிலம், 2.5 செ.மீ. அரை நிமிடத்தில் இறங்கியது. பெருமையாக இருந்தது. அவ்வளவு வேகமாகப் போனால் கிருமி வடிகட்டப்படாது என்று யாரும் சொல்லவில்லை. 12 மீட்டர் தள்ளியிருந்த கிணற்று நீரைச் சோதித்ததில் மலக்கிருமி. குழாய்களை 30 மீட்டருக்கு அப்பால் மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்ப ஒரு பம்பும் வைத்தபிறகுதான் சரியானது.

*

குழி வெட்டும்போதே ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலால் நாடா போலத் தள்ளிப் பாருங்கள். உடையாமல் 5 செ.மீ.க்கு மேல் நீண்டால் களிமண். எங்கள் நிலத்தில் மேல்மண் உதிர்ந்தது, ஒரு முழம் கீழே போனதும் நாடாவாக நீண்டது. அதனால் ஒவ்வொரு ஆழத்திலும் பார்க்க வேண்டும்.

இடம் முடிவானதும் கயிறாவது கட்டிவிடுங்கள். 2.5 செ.மீ. இறங்க 20 நிமிடம் காட்டிய எங்கள் இடத்தில் செங்கல் லாரி நான்கு நடை ஏறி இறங்கியது. மண் இறுகிப்போய், மறுபடி அளந்தபோது 70 நிமிடம்.