‘சர்வசன வாக்குரிமை’யும் ‘வாக்குரிமை’யும் ஒன்றா?

கேள்வி (மதுரை ஆசிரியை): எங்கள் பாடநூலில் ‘வயது வந்தோர் வாக்குரிமை’ என்றிருக்கிறது. இலங்கை நாளிதழ் ஒன்றில் ‘சர்வசன வாக்குரிமை’ என்று படித்தேன். இரண்டும் ஒன்றுதானா? மாணவர்களுக்கு எப்படி விளக்கலாம்?

மறுமொழி (சென்னை): ஒன்றுதான். ஆனால் ‘வயது வந்தோர்’, ‘சர்வசன’ என்ற அடைமொழியை விட்டுவிட்டு வெறும் ‘வாக்குரிமை’ என்று எழுதாதீர்கள். ஆங்கிலேயர் ஆட்சியின் 1919 இந்திய அரசுச் சட்டத்தின்படி சொத்தோ வரியோ இருந்தவர்களுக்கு மட்டும் கிடைத்ததும் வாக்குரிமைதான். எல்லோருக்கும் தந்தது இந்திய அரசமைப்பின் 326ஆம் பிரிவு. வயது வரம்பு 21இலிருந்து 18 ஆனது 61ஆவது திருத்தத்தால், 1989இல்.

மறுமொழி (ஹட்டன், இலங்கை): அம்மா, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த எங்கள் மலையகத்தையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை 1931இலேயே வந்துவிட்டது. அப்போதும் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தமிழர்கள் நிரந்தரமாக வசிப்பவர்கள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 1947 தேர்தலில் எங்கள் மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. மறு ஆண்டே எங்களில் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வாக்கில்லை என்று தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். கொழுந்து பறித்த என் பாட்டி 1947இல் வாக்களித்தவர்; 1952இல் பட்டியலில் அவர் பெயரே இல்லை. இதை ‘வாக்குரிமை இழப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அவர் எதையும் தொலைக்கவில்லை. ‘வாக்குரிமைப் பறிப்பு’ என்றே எழுதுங்கள்.

மறுமொழி (மதுரை ஆசிரியை): நன்றி. குடியுரிமை எப்போது திரும்பக் கிடைத்தது?

மறுமொழி (ஹட்டன்): தவணை தவணையாக. 1964 இந்திய இலங்கை ஒப்பந்தப்படி பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இலங்கையில் குடியுரிமை இல்லாமல் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.