முசுறுக் கூட்டை எரிக்கும் முன் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வளவுக்காரி (மல்லாவி):

எங்கள் வளவில் நிற்கும் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் இந்த ஆண்டு 11 முசுறுக் கூடுகளை எண்ணினேன். இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் செம்மஞ்சள் எறும்புதான் முசுறு. காய் முற்றிவிட்டது, ஆய வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி சூள் (தீப்பந்தம்) கட்டிக்கொண்டு வந்துவிட்டான். "பத்து நிமிட வேலை அக்கா, எல்லாவற்றையும் பொசுக்கித் தருகிறேன்" என்றான். படலையடியிலேயே மறித்து, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. வன்னியில் முசுறு ஏறாத மாமரம் குறைவு. சூள் பிடிக்காத வளவும் குறைவு. இவற்றோடு உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். நான் கண்டதை முதலில் சொல்கிறேன்.

சென்ற பங்குனியில் கிணற்றடிக் கிளையில் புதுக்கூடு ஒன்று தொடங்கியது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து மாலை முழுவதும் பார்த்தேன். முப்பது நாற்பது முசுறுகள் ஓர் இலையின் விளிம்பில் வரிசையாக நின்று, பின்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, அடுத்த இலையை வாயால் இழுத்தன. எட்டாத இடத்தில் ஒன்று இன்னொன்றின் இடுப்பைக் கவ்வியது. அதன் இடுப்பை மூன்றாவது கவ்வியது. அப்படியே சங்கிலி நீண்டது. பிறகு சங்கிலி சுருங்கச் சுருங்க இலை வந்து சேர்ந்தது. தேர் வடம் பிடிக்கும்போதுகூட ஒருவர் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே குரல் கொடுக்க யாருமில்லை.

அடுத்ததைப் பார்க்க மகனின் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வந்தேன். பழைய கூட்டிலிருந்து சில முசுறுகள் வெள்ளைப் புழுக்களை ஏந்தி வந்தன. அவற்றின் குஞ்சுகள்தான். புழுவின் தலையை ஓர் இலையில் ஒற்றி, மற்ற இலையில் ஒற்றி, மறுபடியும் இந்தப் பக்கம் கொண்டு வந்தன. தறியில் நாடா ஓடுவது போலவே இருந்தது. பட்டிழை புழுவின் வாயிலிருந்து வருகிறது. வளர்ந்த முசுறுக்கு நூல் சுரக்காது. தன்னைச் சுற்றிப் பின்னிக்கொள்ள வேண்டிய பட்டை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் குஞ்சு உறையில்லாமலே கூட்டுப்புழுவாகிறது. இதைக் கண்ட பிறகு சூளைப் பிடிக்க எனக்குக் கை வராது.

பாலைக்காட்டான் (ஒட்டுசுட்டான்):

அக்கா, நான் கடி வாங்கியே வளர்ந்தவன். பாலைப்பழக் காலத்தில் சித்தப்பாவோடு காட்டுக்குப் போவேன். அவர் கீழே கடகத்தோடு நிற்பார், நான் மேலே. பன்னிரண்டு வயதில் ஒருநாள், பாலையும் வீரையும் கொப்போடு கொப்பு பின்னிய இடத்தில், இலைக்கொத்து என்று நினைத்துக் கூட்டிலேயே கையை வைத்துவிட்டேன். முதலில் கேட்டது ஓசை. காய்ந்த சருகில் தூறல் விழுவது போல உள்ளே சரசரத்தது. அடுத்த கணம் கை முழங்கை வரை செம்மஞ்சளாகிவிட்டது.

முசுறுக்குக் கொடுக்கு இல்லை. வாயால் கடித்து, வயிற்றை முன்னே வளைத்து, கடிவாயிலேயே அமிலத்தைப் பீய்ச்சுகிறது. எரிவு அதனால்தான். என் கண்ணிலும் தெறித்தது. கையை உதறப் போனவனைச் சித்தப்பா கீழிருந்து அதட்டினார்: "உதறாதே! கொப்பை விடாதே! மெல்ல இறங்கு!" விட்டிருந்தால் இருபது அடி கீழே விழுந்திருப்பேன். குடிக்கக் கொண்டுபோன தண்ணீர் முழுவதையும் என் கண்ணில் ஊற்றிவிட்டு, வீடு வரும்வரை அவர் தாகத்தோடு நடந்தார்.

அதன் பிறகு கைகால்களில் சாம்பல் பூசாமல் ஏறியதில்லை. புளித்த நெடி மூக்கில் பட்டால் அந்தக் கொப்பை விட்டுவிடுவேன். காட்டில் கூட்டை எரிக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அவற்றின் மரத்தில் நாங்கள்தான் போய் ஏறுகிறோம்.

சின்ன ரீச்சர் (நெடுங்கேணி):

என் அனுபவம் சிறியது. பள்ளிக்கூட வேலியில் முசுறு நிரையைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "ரீச்சர், இதற்கு எட்டுக் கால்" என்றாள். குனிந்து பார்த்தால் சிலந்தி! அதே நிறம், அதே இடை. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கிப் பிடித்திருந்தது. விரலை நீட்டியதும் நூல்விட்டுத் தொங்கியது. முசுறு என்று நினைத்துப் பறவைகள் விலகட்டும் என்று பூண்ட வேடம் அது. எத்தனை ஆண்டுகள் அந்த வேலியைக் கடந்து போயிருக்கிறேன், ஒருநாளும் நான் கால்களை எண்ணவில்லை.

தேசித்தோட்டம் (விசுவமடு):

எல்லோரும் புகழ்கிறீர்கள். தோட்டக்காரன் பக்கத்தையும் கேளுங்கள். பஞ்சு போல ஒட்டும் மாவுப்பூச்சியையும் செதிற்பூச்சியையும் முசுறு மாடு வளர்ப்பது போல வளர்க்கிறது. அவை கசியும் இனிப்பு நீர்தான் அதற்குப் பால். அந்த நீர் வடிந்த இலையெல்லாம் கரும்பூஞ்சணம். ஆய வந்த பெண்கள் கடி தாங்காமல் பாதியில் போய்விட்டார்கள். அந்த ஆத்திரத்தில் எல்லாக் கூடுகளையும் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தேன். அடுத்த மாரியில் தேசியின் (எலுமிச்சையின்) கொழுந்து முழுவதையும் புழு தின்றது. மருந்துக்குச் செலவழித்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆனாலும் முசுறு திரும்ப வரட்டும் என்று முழுமனதோடு சொல்ல எனக்கு முடியவில்லை.

வளவுக்காரி (மல்லாவி):

தேசித்தோட்டம் அண்ணா, நீங்கள் சொல்வது உண்மை. மாவுப்பூச்சி மண்டிய கிளையை நானும் வெட்டிப் போடுகிறேன். ஆனால் கூட்டை மொத்தமாக அழிப்பதும் கிளையை வெட்டுவதும் ஒன்றல்ல. தென்சீனத்தில் 304 ஆம் ஆண்டளவிலேயே முசுறுக் கூட்டைக் கிளையோடு பையில் கட்டிச் சந்தையில் விற்றிருக்கிறார்கள், தோடை (ஆரஞ்சு) மரங்களைக் காக்க. பிற்காலத்தில் மரத்துக்கு மரம் மூங்கில் பாலமும் போட்டார்கள். ஆபிரிக்காவின் பெனினில் முசுறு நிறைந்த மாமரங்களில் பழ ஈயின் சேதம் குறைந்திருக்கிறது. நீங்கள் திரும்பக் கொண்டுவருவதானால் எல்லாக் கூடுகளையும் ஒரே குடியிலிருந்து எடுங்கள். ஒரு குடி பல மரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கூடுகளைக்கூட வைத்திருக்கும். வேற்றுக் குடி வந்தால் கொன்றே தீர்க்கும். ஆயும் நாளில் கொக்கத்தடியும் சாம்பலும் போதும். விடியற்காலைக் குளிரில் அவற்றின் வேகமும் குறைவு.

நான் ஏன் இப்படி வாதாடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போரால் இடம்பெயர்ந்திருந்து 2010 இல் நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. புல் தோள் உயரம். மிதிவெடி அகற்றுபவர்கள் மாமரத்திலிருந்து பலாமரம்வரை எச்சரிக்கை நாடா கட்டியிருந்தார்கள். அதற்கு அப்பால் கால் வைக்கக்கூடாது. ஐயா திண்ணையில் இருந்தபடி, அந்தப் பக்கம் விழுந்து அழுகும் மாம்பழங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நாடாவைக் காட்டினார். அதன்மேல் முசுறுகள் நிரையாகப் பலாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கிடைத்த பாலம் அது. திரும்பி வந்த பிறகு ஐயாவின் முகத்தில் சிரிப்பைக் கண்டது அன்றுதான்.

வளவு துப்புரவான பிறகு நாடாவை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அன்று மாலையே ஐயா அதே இடத்தில் ஒரு தும்புக் கயிற்றைக் கட்டினார். அவர் இப்போது இல்லை. கயிறு இற்றுப்போகும் போதெல்லாம் நான் மாற்றிக் கட்டுகிறேன். இந்த மாசியில் கட்டியது நான்காவது.