கடை சைட் கூகுளில் வரவில்லை, காசு கட்டினால்தான் வருமா?

கூறைக்கடை:
வணக்கம். வெள்ளவத்தையில் சேலைக்கடை வைத்திருக்கிறோம். நாலு மாதத்துக்கு முதல் கடைக்கு ஒரு சைட் செய்வித்தோம், பார்க்க நல்ல வடிவு, ஆனால் "வெள்ளவத்தை கூறைச்சேலை" என்று தேடினால் பத்துப் பக்கம் தள்ளிப் போயும் எங்களுடையதைக் காணவில்லை. செய்து தந்தவர், கூகுளுக்கு மாதாமாதம் காசு கட்டினால்தான் வரும் என்கிறார். உண்மையா? ஆவணிக் கல்யாணங்களுக்கு முன்னர் சரிவர வேண்டும்.

தெமட்டகொடைத் தம்பி:
இல்லை அண்ணா. காசு விளம்பரத்துக்கு மட்டும்தான், அது விளம்பரம் என்ற குறியோடு தனியாக நிற்கும். மற்ற முடிவுகளில் கூகுள் இடம் விற்பதில்லை. தேடும் பெட்டியில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியை எழுதிப் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால், சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டியில் டிக் இருக்கலாம், கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறந்துவிடுவார்கள்.

கூறைக்கடை:
ஆறு பக்கமும் வருகின்றன தம்பி. ஆனால் விளக்கம் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ ஆங்கில எழுத்துகள், இடைக்கிடை அரைப்புள்ளி.

அச்சக அக்கா:
அரைப்புள்ளி என்றதுமே விளங்கிவிட்டது, அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. சைட்டில் ஒரு வரியைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், அதே ஆங்கில எழுத்துகள்தான் வரும். நான் பதினைந்து வருடம் பாமினியில் கல்யாண அட்டை அடித்தவள். தாளுக்கு அது போதும். ஆனால் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். கூகுள் பார்ப்பது உள்ளே கிடக்கும் அந்த ஆங்கில எழுத்துகளை, கூறை தேடுகிற பிள்ளை போனில் அடிப்பதோ யூனிகோட், அதில் தமிழ் எழுத்து தமிழாகவே பதிவாகும். யூனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன, மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் கண்ணால் பாருங்கள், சில எழுத்துகள் பிசகும். சேலைப் பெயரும் விலையும் படத்துக்குள் இருந்தால் அவற்றையும் எழுத்தாகப் போடுங்கள்.

தெமட்டகொடைத் தம்பி:
அக்கா சொன்னதுதான் சரி. கூகுள் மேப்பிலும் கடையைப் பதியுங்கள், அதுவும் இலவசம். டொமைன், அதாவது சைட்டின் முகவரி, யாருடைய பெயரில் அண்ணா? சைட் செய்தவர் பெயரில் டொமைனை விட்டுவிட்டு, அவர் வெளிநாடு போன பிறகு புதுப்பிக்க ஆளில்லாமல் முகவரியையே இழந்த ஒரு கடையைப் புறக்கோட்டையில் எனக்குத் தெரியும்.

கூறைக்கடை:
ஒட்டிப் பார்த்தேன், பாமினியேதான். மகள் இரவே முதல் பக்கத்தை மாற்றிவிட்டாள். டொமைன் அவர் பெயரில்தான் இருக்கிறதாம், நாளைக்கு நேரே போய்க் கதைக்கிறேன். கூகுள் திரும்ப வந்து பார்க்க எத்தனை நாள்?

தெமட்டகொடைத் தம்பி:
சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். சைட் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சேர்ச் கொன்சோல் என்ற கருவியில் பக்கத்தின் முகவரியைப் போட்டு மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்கும் காசில்லை. மற்ற ஐந்து பக்கங்களையும் மாற்றிவிட்டு, ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.