கம்பத்த முன்னுக்குக் கொண்டு வாங்க

குழு: எங்க வீட்டு ஆளுங்க

சனி

[காலை 7:04] அக்கா: தம்பி எந்திரிச்சிட்டியா. அப்பா ராத்திரி முழுக்க தூங்கல. மழ விடாம அடிச்சிச்சு. மண்சரிவு அறிவித்தல் ஏதும் குடுத்தாங்களான்னு டிவிய போட்டா தமிழ் சேனல் ஒன்னுமே தெரியல, ஒரே புள்ளி. ரூபவாஹினி மட்டும் வருது, அதும் ரெட்ட ரெட்டையா

[7:06] அக்கா: போன் சிக்னலும் வாரதும் போறதும். மேல் லயத்துப் (லைன் வீட்டு) புள்ள வந்து சொல்லித்தான் நம்ம பக்கம் மஞ்சள் எச்சரிக்கைன்னே தெரிஞ்சிச்சு

[7:15] நான்: இப்பதான் பாத்தேன்கா. எல்லாரும் நல்லா இருக்கீங்கதானே? பின்னால மண்மேடு எப்படி இருக்கு? டிஷ் என்னாச்சு?

[7:17] அக்கா: மேடு அப்படியேதான் இருக்கு. வெடிப்பு ஒன்னும் இல்ல, மச்சான் போய்ப் பாத்தாரு. டிஷ்ஷுக்கு மாசாமாசம் ரீசார்ஜ் போட முடியலடா. நாலு மாசமா சும்மா கெடக்கு. கம்பத்துல கட்டின அன்டெனாவுலதான் பாக்குறோம்

[7:19] நான்: அப்ப சிக்னல பெருக்குற பூஸ்டர் நல்லதா ஒன்னு இங்க வாங்கி பஸ்ல போட்டு விடுறேன். பெரிசா பாத்து வாங்குறேன்

[7:22] மாமா ஹட்டன்: வாங்காத. காசு வீண்

[7:26] மாமா ஹட்டன்: 🎤 குரல் செய்தி (3:41)

[7:31] பாப்பா: ஹட்டன் தாத்தா வாய்ஸ் எறங்கல. சுத்திக்கிட்டே இருக்கு. எழுதுங்க தாத்தா

[7:32] மாமா ஹட்டன்: சரி பொறு, மெதுவா எழுதுறேன். மொதல்ல அன்டெனாவயும் அது நிக்கிற எடத்தையும் போட்டோ எடுத்துப் போடு

[7:40] பாப்பா: 📷 படம்
[7:40] பாப்பா: 📷 படம்

[7:52] மாமா ஹட்டன்: நெனச்சேன். பின்னால மேட்டுல நட்டிருக்கீங்க. மச்சான் உயரமான எடமா பாத்து நட்டிருக்காரு, எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. தலவாக்கலையில 30 வருசம் கட வச்சிருந்தேன், வந்தவங்க முக்காவாசிப் பேரு கேட்டது "இன்னும் ஒரு பைப்பு சேத்து ஏத்தவா"ன்னுதான். கீழ் நாட்டுல அது சரி. மலைக்கு அடிவாரத்துல அது சரி வராது

[8:05] மாமா ஹட்டன்: ரூபவாஹினி வாரது பிதுருதலாகல உச்சியில இருந்து. 2,524 மீட்டர். நம்ம லயத்துல இருந்து நேர்கோட்டுல 15 கிலோமீட்டருக்கு உள்ளதான். ஆனா நடுவுல கிரேட் வெஸ்டர்ன் மலை நிக்குது, அதுவே 2,200 மீட்டருக்கு மேல. அலை மலைய தொளச்சிக்கிட்டு வராது. உச்சி விளிம்புல பட்டு கொஞ்சமா மடங்கி இந்தப் பக்கம் எறங்கும். நமக்குக் கெடைக்கிறது அந்த மடங்கின அலைதான்

[8:09] மாமா ஹட்டன்: நீளமான அலை நல்லா மடங்கும். ரூபவாஹினி வி.எச்.எஃப், அலை ஒன்றரை மீட்டருக்கு மேல. அதான் எப்படியோ வந்து சேருது. நீங்க கேக்குற தமிழ் சேனல் யூ.எச்.எஃப், அலை அர மீட்டர் அளவுதான். அது அவ்வளவா மடங்காது, தலைக்கு மேலாலயே போயிரும். மலையோட காலடியில ஒட்டிக்கிட்டு நின்னா அது ரொம்பச் செங்குத்தா மடங்கி எறங்கணும். மலையில இருந்து தள்ளி வர வர கொஞ்சம் மடங்கினா போதும். அதனால கம்பத்த பின்மேட்டுல இருந்து எடுத்து முன்பக்கம் கொண்டு வாங்க

[8:11] அக்கா: முன்பக்கம் பள்ளமாச்சே மாமா. ஏழெட்டு அடி எறக்கம்

[8:12] மாமா ஹட்டன்: எறங்கட்டும்

[8:14] சித்தி: அண்ணே சொல்றது சரிதான். நாங்க ஆத்துக்கு அந்தப் பக்கம், உங்களுக்கும் கீழ இருக்கோம். எங்களுக்கு எல்லாம் வருது. ராத்திரி 8 மணி செய்தி கண்ணாடி மாதிரி பாத்தோம்

[8:16] மாமா ஹட்டன்: பாத்தீங்களா. தங்கச்சி வீடு மலையில இருந்து தள்ளி இருக்கு

[8:20] மாமா ஹட்டன்: அடுத்தது அந்த ரெட்டப் படம். பாப்பா, உன்கிட்ட ஸ்கூல் அடிமட்டம் இருக்கா? டிவி எத்தன இஞ்சி?

[8:21] பாப்பா: 32 தாத்தா. அடிமட்டம் இருக்கு

[8:23] மாமா ஹட்டன்: ரூபவாஹினிய போடு. ஒரு ஆளோட மொகமோ எழுத்தோ நிக்கும்போது, நெசப் படத்துக்கும் வலது பக்கத்து நிழலுக்கும் எவ்வளவு தூரம்னு அள

[8:29] பாப்பா: 4 சென்ரிமீட்டர். ரெண்டு தரம் அளந்தேன்

[8:38] மாமா ஹட்டன்: நல்ல புள்ள. இப்ப கேளு. படத்துல ஒரு கோடு இடமிருந்து வலம் ஓடி முடிய 52 மைக்ரோ செக்கன். உன் டிவி அகலம் 70 சென்ரிமீட்டர். அந்த நேரத்துல அலை ஓடுற தூரத்த இதால பிரிச்சா, திரையில 1 சென்ரிமீட்டருக்கு கிட்டத்தட்ட 220 மீட்டர். 4 சென்ரிமீட்டர்னா 900 மீட்டர். அந்த நிழல் படம் 900 மீட்டர் கூட நடந்து வந்திருக்கு. உங்கள தாண்டிப் போய் எங்கயோ மோதித் திரும்பி வருது. போக வர பாதி பாதின்னு வச்சா, சுமார் 450 மீட்டர்ல என்ன இருக்கு, கிரேட் வெஸ்டர்னுக்கு எதிர்ப்பக்கமா பாரு

[8:41] பாப்பா: தேயிலை ஸ்டோருக்கு மேல இருக்குற மொட்டப் பாறை!!!

[8:41] பாப்பா: தாத்தா அது மழையில நனைஞ்சு பளபளன்னு தெரியும்

[8:43] மாமா ஹட்டன்: அதேதான். பின்மேட்டுல நட்டா அந்தப் பாறை அன்டெனாவுக்கு நேரா தெரியும். முன்பக்கம் கீழ எறக்கினா ஸ்டோர் கட்டடம் கொஞ்சம் மறைக்கும். இன்னொன்னு, உங்க அன்டெனாவுல பின்னால நிக்க வேண்டிய நீளக் கம்பி ஒன்னு ஒடஞ்சு தொங்குது, போட்டோவுல தெரியுது. பின்பக்கத்து அலைய தடுக்குறதே அதுதான். அலுமினியக் கம்பி அதே நீளத்துக்கு வெட்டிப் போடச் சொல்லு

[8:50] நான்: மாமா அப்ப பூஸ்டர் ஒன்னும் உதவாதா? ஏற்கனவே டிவிக்குப் பக்கத்துல ஒன்னு இருக்கே

[8:55] மாமா ஹட்டன்: கலங்கின தண்ணிய பெரிய கொடத்துல ஊத்தினா தெளிஞ்சிருமா? வயர்ல எறங்கி வரும்போதே அலை தேய்ஞ்சு போகுது, கீழ வந்த பொறகு பெருக்கினா புள்ளியும் சேந்து பெருகும். பூஸ்டர் வேணும்னா அன்டெனாவுக்குப் பக்கத்துல கம்பத்துலயே கட்டுறது வேணும். அதுக்குக் கரண்ட் அதே வயர் வழியா ஏறும், வீட்டுக்குள்ள சின்னப் பெட்டி ஒன்னு இருக்கும். ஆனா மொதல்ல எடம். எடம் சரியானப்பொறகு பாப்போம்

[9:02] அக்கா: பாப்பா அப்பா மூங்கில் வெட்டப் போயிட்டாரு. அப்பா இஸ்தோப்புல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரு

[9:03] மாமா ஹட்டன்: மூங்கில்தான் நல்லது. லயத்துக்கு முன்னால போற கரண்ட் கம்பிய எல்லாரும் மனசுல வையுங்க. கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பியில படாத தூரத்துல நிக்கணும். நனைஞ்ச மூங்கில்ல கரண்ட் பாயும். இத நான் சும்மா சொல்லல. இடி இடிச்சா அப்படியே போட்டுட்டு உள்ள வந்துருங்க

[10:47] பாப்பா: அப்பா மூங்கிலப் பிடிச்சிருக்காரு. நான் ஜன்னல்கிட்ட. தமிழ் சேனல் போட்டாச்சு. எங்கருந்து ஆரம்பிக்க?

[10:49] மாமா ஹட்டன்: லயத்து ஓரத்துல இருந்து. ஒரு தரத்துக்கு அர அடிதான் நகரணும். அலையே அர மீட்டர், அதனால அர அடியில நல்ல எடமும் கெட்ட எடமும் மாறும். ஒவ்வொரு எடத்துலயும் பத்து எண்ணு. முன் நுனிய மலை விளிம்புக்கு நேரா கொஞ்சம் மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லு, படுக்க வைக்க வேணாம்

[11:20] பாப்பா: ஒன்னும் இல்ல

[11:34] பாப்பா: சத்தம் வந்திச்சு. படம் இல்ல

[11:51] பாப்பா: வந்துருச்சு!!! போஞ்சிப் பாத்தி கடைசியில. தாத்தா எழுத்து வாசிக்க முடியுது

[11:52] பாப்பா: அப்பா ஒரு அடி தள்ளினாரு, போயிருச்சு. திரும்ப வந்தாரு, வந்துருச்சு

[11:53] மாமா ஹட்டன்: அசையாதீங்க. கல்லு வச்சு அடையாளம் போடுங்க. அங்க நின்னு மலையப் பாத்தா என்ன தெரியுது?

[11:56] அக்கா: நான் போய் நின்னு பாத்தேன் மாமா. பின்மேட்டுல இருந்து பாத்தா மலை ஒரே சொவராட்டம் நிக்கும். இங்கருந்து பாத்தா ரெண்டு முடிக்கு நடுவுல ஒரு பள்ளம் தெரியுது. இத்தன வருசமா அந்தப் பாத்தியில போஞ்சி ஆயிறேன், ஒரு நாளும் தலை தூக்கிப் பாக்கல

[11:58] மாமா ஹட்டன்: அந்தப் பள்ளத்து வழியாத்தான் எறங்குது

ஞாயிறு

[காலை 8:30] அக்கா: வயர் பத்தல. இன்னும் 12 மீட்டர் வேணும். தலவாக்கலைக்குப் போறாரு, என்ன கேட்டு வாங்கணும்

[8:33] மாமா ஹட்டன்: ஆர்.ஜி 6னு கேளுங்க. மெல்லிசா வாரது வேணாம், யூ.எச்.எஃப் அதுல சீக்கிரம் தேயும். பழைய வயரோட ஒட்டுப் போடாதீங்க, முழுசா ஒரே துண்டா மாத்துங்க. கம்பத்துல கட்டுற பூஸ்டர் ஒன்னும் சேத்து வாங்கட்டும். தம்பி, அதுக்குக் காசு அனுப்பு

[8:34] நான்: அனுப்பிட்டேன் மாமா

[9:10] பாப்பா: 📷 படம்
[9:10] பாப்பா: பழைய வயர வெட்டிப் பாத்தேன். உள்ளுக்குள்ள பச்சையா இருக்கு

[9:14] மாமா ஹட்டன்: தண்ணி பூந்து செம்பு களிம்பு பிடிச்சிருக்கு. டேப் சுத்தி விட்டா நம்ம மழைக்கு ஒரு வருசம் தாங்காது. புது வயர் அன்டெனாவுல சேருற எடத்துக்குக் கீழ ஒரு வளையம் விட்டுக் கட்டுங்க, தண்ணி அந்த வளையத்தோட அடியில சொட்டட்டும். வீட்டுக்குள்ள நுழையிற எடத்துலயும் அப்படியே

[பிற்பகல் 2:40] அக்கா: நட்டாச்சு. ரூபவாஹினியில நிழல் ஏறக்கொறைய போயிருச்சு. தமிழ் சேனல் ரெண்டு வருது. ஒன்னு நல்லா, ஒன்னு லேசா புள்ளியோட

[2:41] பாப்பா: நிழல அளந்தேன். 4 சென்ரிமீட்டர்லயேதான் இருக்கு, ஆனா உத்துப் பாத்தாத்தான் தெரியுது

[2:44] மாமா ஹட்டன்: பாறை எங்கயும் போகாது, அதனால தூரம் மாறாது. பலம்தான் கொறஞ்சிருக்கு. சரியா கவனிச்சிருக்கே புள்ள

[2:50] சித்தி: 82ல ரூபவாஹினி தொடங்கினப்ப எங்க தோட்டத்துல ஒரே ஒரு டிவி. லயத்துல கரண்ட் இல்ல, கார் பேட்டரியில ஓடும். அண்ணேதான் மூங்கிலத் திருப்பிக்கிட்டு வெளிய நிப்பாரு. உள்ள இருந்து நாங்க கத்துவோம்

[2:53] மாமா ஹட்டன்: பெப்ரவரி 15. நான் மறக்கல. படம் பாத்ததவிட மூங்கிலப் பிடிச்சதுதான் ஞாபகம்

[மாலை 6:10] அக்கா: பக்கத்து காம்பரா அக்கா கேக்குறாங்க, இதுல இருந்தே அவங்களுக்கும் ஒரு வயர் குடுக்கலாமான்னு. வயசானவங்க ரெண்டு பேரு இருக்காங்க மாமா

[6:15] மாமா ஹட்டன்: தாராளமா குடுங்க. ரெண்டாப் பிரிக்கிற பெட்டி வாங்குங்க. வயர முறுக்கி ஒட்டினா ரெண்டு வீட்டுலயும் நிழல் விழும். பிரிச்சா ஆளுக்குப் பாதிக்கும் கொஞ்சம் கொறைவாத்தான் போகும், மேல பூஸ்டர் இருக்குறதால தாங்கும். பெட்டியில பூஸ்டர் கரண்ட் ஏறுற வாயி எதுன்னு எழுதியிருக்கும், அதத்தான் நம்ம வீட்டுப் பக்கம் சேக்கணும்

[8:12] பாப்பா: 8 மணி செய்தி போகுது. நம்ம பிரதேசத்துக்கு எச்சரிக்கைய எடுத்துட்டாங்களாம். நம்ம வீட்டுத் தாத்தா சத்தத்தக் கூட்டச் சொன்னாரு, பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும்னு

[8:15] மாமா ஹட்டன்: நல்லது. கம்பத்துக்கு இன்னும் எர்த் போடல, மறந்துறாதீங்க. செம்புக் கம்பியும் மண்ணுல அடிக்கிற எர்த் ராடும் நான் கொண்டு வாரேன். புதன்கிழமை காலையில ரயில்ல வாறேன். அதுவரைக்கும் இடி வர்ற மாதிரி இருந்தா முன்னாலயே அன்டெனா வயரையும் பிளக்கையும் கழட்டிருங்க

[8:16] அக்கா: சரி மாமா. புதன்கிழமை போஞ்சி பறிச்சு வைக்கிறேன்